உங்கள் மீட்டர் எவ்வளவு குறைத்துக் காட்டுகிறது?

எங்கள் சோதனைக்கூடத்தில் ஒவ்வொரு மீட்டரின் மேலும் ஒரு சிறிய ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். காலிபரேஷன், அதாவது மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது, செய்த தேதி, அடுத்த தேதி, கையெழுத்து. அந்தத் தேதி தாண்டிய மீட்டரை வைத்து யாராவது ரீடிங் எழுதி வந்தால் தாளை வாங்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன். பத்தொன்பது பேர் வேலை செய்கிற பிரிவில் இதற்காகவே எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. அது இங்கே வேண்டாம்.

இவ்வளவு கறாராக இருக்கிற நான், என்னைப் பற்றி நானே எடுக்கிற ரீடிங்கைப் பதினெட்டு வருடம் சரிபார்க்கவே இல்லை.

கோயம்புத்தூரில் பம்ப் மோட்டார்களின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ்களும், அவற்றை ஓட்டி நிறுத்தும் கண்ட்ரோலர்களும் செய்கிற ஒரு நிறுவனத்தில் ஆராய்ச்சிப் பிரிவின் தலைமைப் பொறுப்பில் இருக்கிறேன். உடுமலையில் அப்பா மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கடையில்தான் வீட்டுப்பாடம். 1998-ல் வேலையில் சேர்ந்தபோது பிரிவில் நான் ஒருத்திதான் பெண். இப்போது ஆறு பேர் இருக்கிறோம். அந்த ஐந்து பேருக்கும் தனித்தனியாகப் பல வருடங்களாகச் சொல்லி வந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு குழுவையோ ஆய்வகத்தையோ திட்டத்தையோ கையில் வைத்திருக்கிற பெண்களுக்கு இது பயன்படும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மார்ச் 8 வந்தால் கருத்தரங்கு அறையில் நடக்கும் தன்னம்பிக்கைப் பேச்சுகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு வருடம் எங்கள் எல்லோரையும் கண்ணாடி முன்னால் நின்று ‘என்னால் முடியும்’ என்று தினமும் மூன்று முறை சொல்லச் சொன்னார்கள். என்ன முடியும் என்று யாரும் கேட்கவில்லை. மோட்டாரிடம் போய் ‘நீ நன்றாக ஓடுவாய்’ என்று சொல்லி யாரும் அதை ஓட வைப்பதில்லை. டெஸ்ட் பெட்டில் ஏற்றிப் பார்க்கிறோம். நமக்கும் அதைத்தான் செய்ய வேண்டும்.

பத்து ஆம்பியர் போகும்போது 9.4 என்று காட்டுகிற மீட்டர் கெட்ட மீட்டர் அல்ல. எப்போதும் அதே அளவு குறைத்துக் காட்டினால் சான்றிதழில் அதைக் குறித்துக்கொண்டு 0.6 கூட்டிக்கொள்வோம். குறைத்துக் காட்டுகிறது என்பதே தெரியாமல் நம்புவதில்தான் ஆபத்து.

2003-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்து ஜாய்ஸ் எர்லிங்கரும் டேவிட் டன்னிங்கும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மாணவர்களுக்குப் பத்து அறிவியல் கேள்விகள். எத்தனை சரியாக எழுதியிருப்பீர்கள் என்று கேட்டதற்குப் பெண்கள் சராசரியாக 5.8 என்றார்கள், ஆண்கள் 7.1 என்றார்கள். திருத்திப் பார்த்தால் பெண்கள் 7.5, ஆண்கள் 7.9. ஆண்களும் குறைத்துத்தான் மதிப்பிட்டிருக்கிறார்கள், கவனியுங்கள். ஆனால் பெண்களின் மீட்டரில் பிழை இரண்டு மடங்குக்கு மேல். மதிப்பெண் தெரிவதற்கு முன்பே, ஓர் அறிவியல் போட்டிக்கு வருகிறீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். ஆண்களில் 71 சதவீதம் பேர் சரி என்றார்கள், பெண்களில் 49 சதவீதம். இரண்டாவது கணக்குதான் என்னை உலுக்கியது. தப்பான ரீடிங்கை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டவர்கள் அவர்கள். நானும் அப்படிப் போனவள்தான், அதைப் பிறகு சொல்கிறேன்.

நோட்டு போடுவது எப்படி

இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். அலுவலகக் கணினியில் வேண்டாம், அது யார் கண்ணிலாவது படும், பட்டால் நீங்கள் உண்மையை எழுத மாட்டீர்கள். பக்கத்தில் நான்கு கட்டம்: தேதி, நான் என்ன சொல்கிறேன், பத்துக்கு எவ்வளவு உறுதி, கடைசியில் என்ன நடந்தது. மூன்றாவது கட்டத்தை முடிவு தெரிவதற்கு முன்பே நிரப்பிவிட வேண்டும். பிறகு நிரப்பினால் அது நாட்குறிப்பு, காலிபரேஷன் இல்லை.

எதை எழுதுவது? வேலையில் நீங்கள் போடுகிற எந்தக் கணிப்பையும் எழுதலாம். என் முதல் நோட்டிலிருந்து இரண்டு வரிகள்:

‘மார்ச் 6. புதிய கெபாசிட்டர் 500 மணி நேரச் சூடு சோதனையைத் தாண்டாது. உறுதி 6. நடந்தது: 340-வது மணி நேரத்தில் உப்பியது.’

‘மார்ச் 14. ஹீட் சிங்க் சொன்ன தேதிக்கு வராது. உறுதி 9. நடந்தது: ஒரு நாள் முன்னதாகவே வந்தது.’

இவற்றோடு இன்னொரு வகை வரியும் உண்டு, அதற்குச் சிவப்பு மை. கூட்டத்தில் மனதுக்குள் நினைத்துவிட்டுச் சொல்லாமல் விட்டவை. இந்த வரிகளை எழுதுவது கசப்பாக இருக்கும். எழுதுங்கள்.

மூன்று மாதம் கழித்து உட்கார்ந்து கூட்டிப் பாருங்கள். எனக்கு மொத்தம் 58 வரிகள் இருந்தன. ‘உறுதி 6’ என்று போட்டவை 21. பத்துக்கு ஆறு என்று சொல்கிற ஆள் 21-ல் பன்னிரண்டு, பதின்மூன்று முறை சரியாக இருக்க வேண்டும். நான் 18 முறை சரியாக இருந்தேன். அதாவது என் ஆறு, ஊரார் கணக்கில் எட்டரை. ‘உறுதி 9’ போட்டவை பதினொன்று. அதில் எட்டுதான் சரி. அவற்றில் பெரும்பாலானவை சப்ளையர் தேதி, ஆட்கள் சொன்ன வாக்கு, இப்படிப்பட்டவை. சர்க்யூட் விஷயத்தில் என்னைக் குறைத்து எடை போட்டிருக்கிறேன், மனிதர்கள் விஷயத்தில் கூட்டி எடை போட்டிருக்கிறேன். நல்ல மல்டிமீட்டரிலும் இப்படித்தான், ஒவ்வொரு ரேஞ்சுக்கும் பிழை வேறு வேறு. ‘எனக்குத் தன்னம்பிக்கை குறைவு’ என்று மொத்தமாகச் சொல்வதில் உள்ள குறை இதுதான், எந்த ரேஞ்சில் குறைவு என்று அது சொல்வதில்லை.

சிவப்பு வரிகள் பதினான்கு. அவற்றில் பதினொன்று சரியாக இருந்தன. அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

நாற்பத்தொரு மோட்டார்கள்

இந்த நோட்டுக்கு ஒரு முன்கதை இருக்கிறது. 2016-ல் நாங்கள் விற்ற டிரைவ்களோடு ஓடிய நீர்மூழ்கி மோட்டார்கள் சில, பல்லடம், காங்கேயம் பக்கத்துப் போர்வெல்களில் எரிந்து திரும்பி வந்தன. சர்வீஸ் ஆட்கள் சீட்டில் ‘லோ வோல்டேஜ்’ என்று எழுதினார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் எது எரிந்தாலும் முதலில் எழுதுகிற வார்த்தை அது.

காயில் கட்டும் பிரிவில் இருந்த பெரியவர் ஒருவர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். முப்பது வருடம் அதே மேசையில் உட்கார்ந்தவர். என்னை ‘அம்மணி’ என்பார், நான் ‘அண்ணா’ என்பேன். பிரித்துப் போட்ட ஸ்டேட்டரை, அதாவது காயில் கட்டியிருக்கிற, சுழலாத பாகத்தைக் காட்டி, “இதைப் பாருங்கள் அம்மணி, லோ வோல்டேஜில் எரிந்திருந்தால் எல்லாக் காயிலும் வெந்து குழைந்திருக்கும். இதில் மற்றதெல்லாம் புதிது மாதிரி இருக்கிறது” என்றார். முதல் காயிலின் முதல் சில சுற்றுகளில் மட்டும், வயரின் பிளாஸ்டிக் உறையில் ஊசி குத்தியது போல ஓர் ஓட்டை. விரல் நுனியால் தடவினால்தான் தெரிந்தது. அப்பா கடையில் நான் பார்த்த எந்த எரிந்த மோட்டாரும் அப்படி இருந்ததில்லை.

எனக்குக் காரணம் புரிந்துவிட்டது. டிரைவ் மோட்டாருக்கு அனுப்புவது ஒரே சீரான மின்சாரம் அல்ல, வேகமாக எழுந்து விழும் துடிப்புகள். கேபிள் நீளமாக இருந்தால் அந்தத் துடிப்பு மோட்டார் முனையில் மோதித் திரும்பும்போது உச்சம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். 415 வோல்ட் சப்ளையில் டிரைவுக்குள் இருக்கும் நேர்மின்னழுத்தம் ஏறக்குறைய 590 வோல்ட். அதன் இரண்டு மடங்கைத் தாங்குவது காயிலின் முதல் சுற்றுகள்தான். ஓட்டை விழுவதும் அங்கேதான்.

அன்று மாலை நான் மேலிடத்துக்கு அனுப்பிய மின்னஞ்சல் இது: ‘ஒரு சின்ன சந்தேகம். நான் சரியாகப் பார்க்காமலும் இருந்திருக்கலாம். கேபிள் நீளமும் ஒரு காரணமாக இருக்குமோ என்று தோன்றுகிறது. நேரம் கிடைத்தால் பார்க்கலாம்.’

யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. ஒன்பது வாரம் கழித்து வெளியிலிருந்து வந்த ஆலோசகர் ஒருவர், என்னைவிடப் பத்து வயது சிறியவர், அரை மணி நேரம் பார்த்துவிட்டு ‘கேபிள் எதிரொலி, ஃபில்டர் போடுங்கள்’ என்றார். மறுநாளே ஆர்டர் போனது. அதற்குள் எரிந்த மோட்டார்கள் நாற்பத்தொன்று. ஒவ்வொன்றையும் போர்வெல்லிலிருந்து வண்டி வைத்து ஏற்றி இறக்கிய செலவு விவசாயியுடையது.

பல வருடம் நான் அந்த ஆலோசகர் மேல்தான் கோபமாக இருந்தேன். பாவம் அவர். என் மின்னஞ்சலைப் படித்தவர்கள் அதில் எழுதியிருந்ததை அப்படியே நம்பினார்கள், அவ்வளவுதான். ‘சின்ன சந்தேகம்’ என்று எழுதினேன், சின்ன சந்தேகத்துக்குரிய மரியாதை கிடைத்தது.

இப்போது எழுதினால் இப்படி எழுதுவேன்: ‘எரிந்த ஏழு மோட்டாரில் ஆறில் முதல் காயிலின் முதல் சுற்றுகளில் மட்டும் ஓட்டை. ஆறும் 150 மீட்டருக்கு மேல் கேபிள் உள்ள போர்வெல்கள். லோ வோல்டேஜ் இப்படி எரிக்காது. காரணம் கேபிள் எதிரொலி, உறுதி பத்துக்கு எட்டு. நம் தொட்டியில் 180 மீட்டர் கேபிளோடு மோட்டாரை ஓட்டி ஆஸிலோஸ்கோப்பில் பார்க்க அரை நாள் போதும். மறுப்பு இல்லையென்றால் வியாழக்கிழமை செய்கிறேன்.’

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டாவதிலும் சந்தேகம் இருக்கிறது, பத்துக்கு எட்டு என்றுதான் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்தச் சந்தேகத்துக்கு ஓர் எண் இருக்கிறது, அதைத் தீர்க்க ஒரு வழி இருக்கிறது, ஒரு கிழமை இருக்கிறது. முதலாவதில் இருப்பது மன்னிப்பு. விஞ்ஞானத்தில் நிச்சயமின்மையைச் சொல்வது கடமை. மன்னிப்புக் கேட்பது வேறு விஷயம், அதைச் செய்யாத குற்றத்துக்கெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

நீங்கள் செய்ய வேண்டியது: கடைசியாக அனுப்பிய பத்து மின்னஞ்சல்களை எடுத்து ‘எனக்குத் தெரிந்தவரை’, ‘தவறாக இருந்தால்’, ‘சும்மா ஒரு யோசனை’, ‘தொந்தரவுக்கு மன்னிக்கவும்’ ஆகியவற்றின் கீழ் கோடு போடுங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் கேளுங்கள்: இதற்குப் பதிலாக எண் போட முடியுமா? முடிந்தால் போடுங்கள். முடியாவிட்டால் அந்த வார்த்தைகளை எடுத்துவிடுங்கள், வாக்கியம் செத்துப்போகாது.

தற்புகழ்ச்சி எங்கே தகும்

நோட்டு போட்டு உங்கள் பிழை தெரிந்துவிட்டால் மட்டும் போதுமா என்றால், போதாது. கிறிஸ்டின் எக்ஸ்லியும் ஜட் கெஸ்லரும் 2022-ல் வெளியிட்ட ஆய்வில், தேர்வில் எத்தனை சரி என்பதை அவரவருக்கே தெளிவாகச் சொன்ன பிறகும், ‘நான் நன்றாகச் செய்தேன்’ என்று சொல்லிக்கொள்வதில் பெண்கள், அதே மதிப்பெண் வாங்கிய ஆண்களைவிடத் தங்களைக் கீழேதான் வைத்தார்கள். அளவு தெரிந்தும் வாய் வரவில்லை.

வாய் வராததற்கு நம் வீடுகளில் ஒரு காரணம் இருக்கிறது. தன்னைத் தானே புகழ்ந்துகொள்கிறவள் என்று பெயர் வாங்கிவிடக் கூடாது. என் அத்தை ஒருவர், பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைச் சொன்னதற்கே ‘கண்ணு பட்டுவிடும், மெதுவாகச் சொல்’ என்று உள்ளே இழுத்துக்கொண்டு போனவர்.

ஆனால் நம் இலக்கணமே இதற்கு விலக்கு கொடுத்திருக்கிறது. பள்ளியில் தமிழாசிரியர் நன்னூலை நடத்தியபோது நான் பாதி தூக்கத்தில் இருந்தேன், இருந்தும் ஒரு நூற்பா நினைவில் நின்றுவிட்டது. தன்னைத் தானே புகழ்வது தகாது என்பதே பொது. நான்கு இடங்களில் மட்டும் தகும்: அரசனின் அவைக்கு ஓலை அனுப்பும்போது, தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவே, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதில், எதிர்த்தரப்பு தன்னைப் பழித்தபோது. பவணந்தி முனிவர் எண்ணூறு வருடத்துக்கு முன் எழுதிய இந்த நான்கும் அலுவலகத்துக்கு அப்படியே பொருந்துகின்றன. ஏப்ரல் மாத சுயமதிப்பீட்டுப் படிவம்தான் ஓலை. புதிய வாடிக்கையாளரும் தேர்வுக் குழுவும் ஆற்றல் அறியாதவர்கள். திட்ட ஆய்வுக் கூட்டம்தான் அவை. நான்காவதை நான் விளக்க வேண்டியதில்லை.

இந்த நான்கு இடத்தையும் விட்டுவிட்டு மற்ற எல்லா இடத்திலும் அடக்கமாக இருங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஓலை எழுதுவது பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாக. என் பிரிவில் வருகிற படிவங்களை நான் படிக்கிறேன். ஆண்கள் ‘நான்’ என்று எழுதுகிறார்கள். பெண்கள் ‘நாங்கள்’, இன்னும் மோசமாக, ‘செய்யப்பட்டது’. யாரால் செய்யப்பட்டது? பேய் வந்து செய்துவிட்டுப் போனதா? போன வருடம் ஒரு பெண் எழுதியிருந்தாள்: ‘மென்பொருள் மேம்படுத்தப்பட்டு, புகார்கள் குறைக்கப்பட்டன.’ கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டேன். ஸ்டார்ட் ஆகும்போது டிரிப் ஆகிற கோளாறை நான்கு இரவு விழித்துக் கண்டுபிடித்தது அவள். மாதம் முப்பதுக்கு மேல் வந்துகொண்டிருந்த புகார் நான்காகக் குறைந்தது. திருத்தி எழுதினோம்: ‘ஸ்டார்ட் டிரிப் கோளாறின் காரணத்தை நான் கண்டுபிடித்தேன். நான் எழுதிய திருத்தத்துக்குப் பிறகு புகார் மாதம் 30-லிருந்து 4 ஆனது. சோதனையில் இன்னார் உதவினார்.’ மூன்று வாக்கியம். ஒரு பொய் இல்லை, ஒரு பெருமைச் சொல்லும் இல்லை. ‘நான்’ இரண்டு முறை வருகிறது, உதவியவர் பெயரும் வருகிறது. எழுதி முடித்ததும் அவள் முகம் சிவந்து, “இப்படிப் போட்டால் தலைக்கனம் என்று நினைக்க மாட்டார்களா மேடம்?” என்று கேட்டாள். ஓர் ஆண் நண்பரின் படிவத்தை வாங்கிப் படித்துப் பார் என்றேன். திரும்பி வந்து எதுவும் பேசவில்லை, படிவத்தைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

இன்ஜினியர் வரவில்லையா

தளத்துக்குப் போனால் இது நடக்கும். காரிலிருந்து நானும் இருபத்தாறு வயதுப் பையனும் இறங்குவோம், தோட்டக்காரர் அவனைப் பார்த்து எல்லாவற்றையும் சொல்வார், என்னைப் பார்த்து “தண்ணீர் குடிக்கிறீர்களா அம்மா” என்பார். விவசாயியிடம் எனக்குக் கோபமே வராது. சென்னையிலிருந்து வருகிற விற்பனை மேலாளர்களும் அப்படித்தான் செய்கிறார்கள், அங்கே வரும்.

இதற்கு நான் கண்டுபிடித்த வழி, கூட வருகிற ஆளிடம் முன்கூட்டியே ஓர் ஒப்பந்தம் செய்துகொள்வது. கேள்வி அவனிடம் வந்தால் அவன் பதில் சொல்லக் கூடாது, என்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும். வாயே திறக்க வேண்டாம். இரண்டு முறை அப்படித் திரும்பினால் மூன்றாவது கேள்வி நேராக என்னிடம் வந்துவிடும். ‘நான்தான் தலைவி’ என்று நானே அறிவிக்கிற சங்கடம் இல்லை.

ஆங்கிலம் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பக்கம் நிறையப் பெண்கள் ஆங்கிலத் தடுமாற்றத்தை அறிவுத் தடுமாற்றம் என்று தங்களுக்குள்ளேயே எடுத்துக்கொள்கிறார்கள். அம்பாசமுத்திரத்தில் தமிழ் வழியில் படித்த ந. கலைச்செல்வி, காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில் ஆரம்பநிலை விஞ்ஞானியாகச் சேர்ந்து, 2019-ல் அதற்கே இயக்குநராகி, 2022 ஆகஸ்டில், நாடு முழுவதும் அரசு ஆய்வகங்களை நடத்துகிற சிஎஸ்ஐஆர் அமைப்பின் முதல் பெண் தலைமை இயக்குநரானார். தடுமாறினால் எண்ணை முதலில் சொல்லுங்கள். எண்ணுக்கு இலக்கணப் பிழை கிடையாது.

பதவி வந்தால்

பிறகு சொல்கிறேன் என்றேனே, அது இது. 2014-ல் பிரிவுத் தலைமை காலியானபோது என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அதே நாற்காலியில் உட்கார்ந்தபடியே, “இன்னும் இரண்டு வருடம் போகட்டும் சார்” என்றேன். மறுவாரம் வேறு ஒருவர் வந்தார். நல்ல மனிதர். டிரைவ் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. அடுத்த இரண்டு வருடம் அவருக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான். பதவி 2018-ல்தான் மறுபடி வந்தது.

சந்திரயான்-2 திட்ட இயக்குநராகச் சொன்னபோது முத்தையா வனிதாவும் முதலில் தயங்கியதாக மயில்சாமி அண்ணாதுரை சொல்லியிருக்கிறார். விண்கலம் 2019 ஜூலை 22 அன்று கிளம்பியது அவர் பொறுப்பில். தயக்கம் வருவது தவறில்லை. தயக்கத்தை அந்த இடத்திலேயே பதிலாகக் கொடுப்பதுதான் தவறு.

அதனால் விதி: எந்தப் பொறுப்பைக் கொடுத்தாலும் அன்றே மறுக்கக் கூடாது. ‘வெள்ளிக்கிழமை சொல்கிறேன்’ என்று எழுந்து வந்துவிடுங்கள். வீட்டில் ஒரு தாளை எடுத்து அந்த வேலைக்கு வேண்டியதையெல்லாம் எழுதுங்கள். இப்போதே தெரிந்தது, மூன்று மாதத்தில் கற்கக்கூடியது, எனக்குத் தெரியாது ஆனால் என் குழுவில் ஒருவருக்குத் தெரியும் என்று பிரியுங்கள். நான்காவது, இவை எதிலும் சேராதது. 2018-ல் எனக்கு நான்காவதில் நின்றது ஒன்றே ஒன்று, பட்ஜெட் போடுவது. அதையும் கணக்குப் பிரிவில் இருந்த ஒருவர் இரண்டு சனிக்கிழமையில் சொல்லிக்கொடுத்துவிட்டார். குழந்தைகள் படிப்பு, மாமியார் உடல்நிலை போன்றவை உண்மையான காரணங்களாக இருக்கலாம், அவற்றைத் தனித் தாளில் எழுதுங்கள். திறமைத் தாளில் கலக்காதீர்கள். கலந்தால் எதை மறுக்கிறோம் என்று நமக்கே தெரியாது.

தப்பாகிவிட்டால்

ஆகும். 2019 கோடையில் நான் முடிவு செய்த ஓர் அளவால் முந்நூறு கண்ட்ரோலர்கள் தண்ணீர் இருக்கும்போதே மோட்டாரை நிறுத்தின. கிணற்றில் தண்ணீர் இல்லாமல் ஓடினால் கரண்ட் குறையும், அதை வைத்து நிறுத்துவதுதான் பாதுகாப்பு. கோடையில் நீர்மட்டம் இறங்கி, தூக்க வேண்டிய உயரம் கூடியது. எங்கள் அந்த வகைப் பம்பில் அப்போதும் கரண்ட் குறையும். நான் வைத்த எல்லை அதையும் வறட்டு ஓட்டம் என்று எடுத்துக்கொண்டது.

அறிக்கையில் நான்கு விஷயம்தான் எழுதினேன்: நான் என்ன முடிவு செய்தேன், எந்தத் தரவை வைத்து, எந்தத் தரவு என்னிடம் இல்லை, இப்போது என்ன மாற்றியிருக்கிறேன். கோடை நீர்மட்டத்தில் நாங்கள் சோதிக்கவில்லை என்பது மூன்றாவது. ‘என் கவனக்குறைவால்’ என்று தொடங்கிய முதல் வரைவை நானே அடித்துவிட்டேன். கவனக்குறைவு இல்லை, தரவு இல்லை. பெயரடைகளை நீக்கினால் தவறு அதன் அளவுக்குச் சுருங்கிவிடும். பிறகு நோட்டைப் புரட்டினேன். அந்த வருடத்தில் அது முப்பத்தொன்றாவது வரி, தப்பானவை நான்கு. அன்று மாலை என் மனம் சொன்ன கணக்கு வேறு மாதிரி இருந்தது.

அக்னி-3 ஏவுகணையின் முதல் சோதனை 2006 ஜூலையில் தோல்வியடைந்தபோது அந்தத் திட்டத்தின் இணை இயக்குநராக இருந்தவர் டெஸ்ஸி தாமஸ். அடுத்த ஏப்ரலில் அது பறந்தது. பிறகு அக்னி-4 திட்டத்தையே அவரிடம் கொடுத்தார்கள்.

அடுத்தவர் மீட்டர் கெட்டிருந்தால்

இதுவரை சொன்னதெல்லாம் நம் மீட்டர். அவர்கள் மீட்டர் சரியில்லாவிட்டால் நாம் நோட்டு போட்டு என்ன பயன்? நியாயமான கேள்வி. 2012-ல் கோரின் மாஸ்-ரகூசினும் சக ஆய்வாளர்களும் அமெரிக்க அறிவியல் பேராசிரியர்கள் 127 பேரிடம் ஒரே விண்ணப்பத்தைக் கொடுத்தார்கள், பாதிப் பேருக்கு ஜான் என்ற பெயரில், பாதிப் பேருக்கு ஜெனிஃபர் என்ற பெயரில். ஜானுக்கு வருடம் 30,238 டாலர் தரலாம் என்றார்கள், ஜெனிஃபருக்கு 26,508. பெண் பேராசிரியர்களும் அப்படியேதான் செய்தார்கள். ஜெனிஃபர் எவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்தாலும் இது மாறாது.

இயற்பியலாளர் அன்னா மணி கதையும் அதுதான். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, பெங்களூரில் சி.வி. ராமனின் ஆய்வகத்தில் வைரத்தின் ஒளிப் பண்புகளை ஆராய்ந்து 1945-ல் முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். எம்.எஸ்சி. பட்டம் இல்லை என்று சென்னைப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் தரவில்லை. பிறகு அவர் போய்ச் சேர்ந்தது வானிலைத் துறையில். நாட்டின் வானிலைக் கருவிகளை இங்கேயே செய்து, தரப்படுத்தி, சரிபார்க்கிற வேலையை வளர்த்தெடுத்தார். காலிபரேஷன் செய்கிற எங்களுக்கு அவர் குலதெய்வம் மாதிரி.

இந்த நிலையில் செய்யக்கூடியது குறைவு, ஆனால் இருக்கிறது. பதவி உயர்வுக்கு எதை வைத்து மதிப்பிடப் போகிறீர்கள் என்பதை வருடத் தொடக்கத்திலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வருட முடிவில் அந்தக் காகிதத்தோடு போங்கள். அப்போதும் அளவுகோல் மாறினால் கோளாறு உங்களிடம் இல்லை என்பதாவது தெரிந்துவிடும். வேறு இடம் தேடுவதா, சண்டை போடுவதா என்று அதன் பிறகு முடிவு செய்யலாம். நான் இரண்டையும் செய்திருக்கிறேன். எது சரி என்று இன்றைக்கும் பத்துக்கு ஐந்துதான் சொல்ல முடியும்.

உங்களுக்குக் கீழே இருப்பவர்களிடம் ஒன்று செய்யுங்கள். கூட்டத்தில் ‘யாருக்காவது சந்தேகம் உண்டா’ என்று கேட்காதீர்கள், எப்போதும் அதே மூன்று ஆண்கள்தான் பேசுவார்கள். வேலைக்குக் கடைசியாகச் சேர்ந்தவரில் தொடங்கி, ஒவ்வொருவரிடமும் ஒரு எண் கேளுங்கள். எங்கள் பிரிவில் திங்கட்கிழமைகளில் இதைச் செய்கிறோம். போன திங்கள் புதிய ஃபில்டரின் சூடு எவ்வளவு ஏறும் என்று கேட்டேன். நான்கு மாதத்துக்கு முன் சேர்ந்த பெண் 38 டிகிரி என்றாள், உறுதி எவ்வளவு என்றதற்கு மூன்று என்றாள். அவளுக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவர் 25 என்றார், உறுதி ஒன்பது. இரண்டையும் கரும்பலகையில் எழுதிவிட்டு மோட்டாரை ஓட விட்டோம். மாலை நாலரை மணிக்கு 36-ல் நின்றது. அவள் பலகையருகே போய், மூன்றை அழித்துவிட்டு வேறு எண் எழுதப் பார்த்தாள். அழிக்க விடவில்லை. அந்த மூன்று அப்படியே அவள் நோட்டில் ஏற வேண்டும், 36-க்குப் பக்கத்தில்.